லக்ஸரிலிருந்து அஸ்வானுக்கு: கப்பலா, தஹபியாவா, ஃபெலுக்காவா, ரயிலா?

லக்ஸருக்கும் அஸ்வானுக்கும் நடுவே சாலை வழியாகச் சுமார் 220 கிலோமீட்டர். ரயிலில் ஏறினால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். அதே தூரத்தை நைல் ஆற்றில் ஐந்து நாள் போகிறவர்களும் இருக்கிறார்கள். எகிப்துப் பயணத்துக்குத் திட்டம் போடும் பலர் கெய்ரோ வரைக்கும் தெளிவாக இருந்துவிட்டு இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஏஜென்ட் "அஞ்சு நட்சத்திரக் கப்பல்" என்கிறார். போய் வந்த நண்பர் "ஃபெலுக்காதான் சார்" என்கிறார், அதாவது ஒற்றைப் பாய்ச் சிறு படகு. இணையத்தில் அறைகள் உள்ள பாய்மரப் படகான தஹபியாவின் படத்தைப் பார்த்ததும் மனம் அங்கே போய்விடுகிறது, விலையைப் பார்த்ததும் திரும்பி வந்துவிடுகிறது.

நான்குமே நல்ல வழிகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் வேறொரு பயணம். விளம்பரத்தில் இருக்கும் மெத்தையையும் நீச்சல் குளத்தையும் வைத்து முடிவெடுத்தால் தவறாகப் போகும்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

முதல் கேள்வி: வழியில் இருக்கும் எட்ஃபு கோயிலுக்குள் எத்தனை மணிக்கு நிற்கப்போகிறீர்கள்? இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், எகிப்தில் முழுசாக நிற்கும் கோயில்களில் எட்ஃபுவுக்கு ஈடில்லை. கி.மு. 237இல் தொடங்கி கி.மு. 57 வரை, 180 ஆண்டுகள் கட்டியது. 36 மீட்டர் உயர முகப்புக் கோபுரங்கள், கூரை, கருவறை எல்லாம் அப்படியே இருக்கின்றன. அங்கே கூட்டத்தோடு நிற்பதும் தனியாக நிற்பதும் ஒன்றல்ல.

இரண்டாவது, விழித்திருக்கும் நேரத்தில் ஆறு எவ்வளவு நேரம் நகரும்? மூன்றாவது, எந்தத் திசையில் போகிறீர்கள்? நான்காவது, உடம்பு ஒத்துழைக்குமா: கழிப்பறை, முழங்கால், இரவுக் குளிர். ஐந்தாவது, சொன்ன விலைக்கு மேல் கையிலிருந்து இன்னும் என்னென்ன போகும்?

## திசை ஏன் இவ்வளவு முக்கியம்

நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. அங்கே பெரும்பாலான நாட்களில் வீசுவதோ வாடை, அதாவது வடக்கிலிருந்து தெற்கே. நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்க, காற்று மறுபக்கம் தள்ளுகிறது. எகிப்தின் படகுப் போக்குவரத்து முழுக்க இந்த ஒரு வசதியில்தான் நின்றது. தெற்கே போக வேண்டுமா, பாயை விரி. வடக்கே வர வேண்டுமா, பாயைச் சுருட்டிவிட்டு ஓட்டத்தோடு வா. பழைய எகிப்தியச் சித்திர எழுத்தில் "தெற்கே போதல்" என்ற சொல்லுக்குப் பாய் விரித்த படகையும், "வடக்கே போதல்" என்பதற்குப் பாய் இல்லாத படகையும் வரைந்தார்கள்.

நம் பக்கத்துச் சரக்கும் இந்த ஆற்றில் போயிருக்கிறது. செங்கடல் துறைகளில் இறங்கிய மிளகு முதலான சரக்குகள் ஒட்டகத்தில் பாலைவனத்தைத் தாண்டி, லக்ஸருக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள கிஃப்டுக்கு (பழைய கோப்டோஸ்) வந்தன. அங்கே படகேறி, ஓட்டத்தோடு அலெக்ஸாண்ட்ரியாவுக்குப் போயின. அந்தத் துறைகளில் ஒன்றான குஸைர் அல்-கதீமில் கிடைத்த பானை ஓட்டில் தமிழ்ப் பிராமியில் "பானை ஒறி" என்று எழுதியிருக்கிறது. உறியில் வைக்கும் பானை.

இதனால் இன்றைய பயணிக்கு என்ன? பாய்மரத் தஹபியாவில் போவதானால் லக்ஸருக்குத் தெற்கே உள்ள எஸ்னாவிலிருந்து தெற்கே அஸ்வானுக்குப் போகும் பயணத்தையே எடுங்கள். காற்று பின்னாலிருந்து தள்ளும், பாய் நிஜமாகவே வேலை செய்யும். அஸ்வானிலிருந்து வடக்கே வரும் தஹபியாவைப் பெரும்பாலும் இழுவைப் படகுதான் இழுத்து வரும். இந்த வேறுபாட்டை விற்பவர்கள் தாமாகச் சொல்வது அரிது. ஃபெலுக்கா நேர்மாறு. அது அஸ்வானில் கிளம்பி வடக்கே மட்டும்தான் போகும். ஓட்டம் இழுக்க, எதிர்க்காற்றை வாங்கி இடமும் வலமுமாக வளைந்து வளைந்து இறங்கும். கப்பலுக்கு எஞ்சின் இருப்பதால் திசை பொருட்டல்ல.

## பெரிய கப்பல்

ஐம்பது, அறுபது அறைகள், மொட்டை மாடியில் சிறு குளம், மூன்று வேளையும் பஃபே. லக்ஸரிலிருந்து அஸ்வானுக்கு வழக்கமாக 4 இரவு, அஸ்வானிலிருந்து லக்ஸருக்கு 3 இரவு.

இதில் பலருக்குத் தெரியாதது, கப்பல் உண்மையில் ஓடும் நேரம் மொத்தம் 16 மணி நேரத்தைச் சுற்றித்தான் வரும். அதிலும் ஒரு பகுதி நீங்கள் தூங்கும்போது போய்விடும். நான்கு இரவுத் திட்டத்தில் முதல் இரவு லக்ஸர் கரையில், கடைசி இரவு அஸ்வான் கரையில். மிச்ச நேரத்தில் ஆறு அழகாகத்தான் இருக்கும். பேரீச்சை மரங்கள், கரும்பு, மண் வீடுகள், குளிக்கும் எருமைகள், அதற்கு ஒரு முழம் பின்னால் மஞ்சள் பாலைவனம். மாலை நாலு மணிக்கு மேல்தளத்தில் ஒரு நாற்காலி கிடைத்தால் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கே கொடுத்த காசு தகும்.

எஸ்னா மதகில் கப்பல்கள் வரிசையில் நிற்கும். கப்பலை உள்ளே விட்டுக் கதவை அடைத்து, நீர்மட்டத்தை ஏற்றி மறுபக்கம் அனுப்பும் இடம் அது. முறை வர சில மணி நேரம்கூட ஆகலாம். காத்திருக்கும்போது சின்னத் துடுப்புப் படகுகளில் வியாபாரிகள் சூழ்ந்துகொள்வார்கள். கலாபியா அங்கியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஆடும் படகில் நின்றபடியே நாலு மாடி உயரத்துக்குக் குறி தவறாமல் எறிவார்கள். பிடித்திருந்தால் அதே பையில் பணத்தைப் போட்டுத் திருப்பி எறிய வேண்டும், வேண்டாமென்றால் துணியை எறிய வேண்டும். பேரம் முழுக்கக் கத்தித்தான்.

குறைகளுக்கு வருவோம். துறைகளில் இடம் போதாததால் கப்பல்களை ஒன்றை ஒட்டி ஒன்றாக நாலைந்து வரிசையில் கட்டுவார்கள். உங்கள் ஜன்னல் திரையை விலக்கினால் பக்கத்துக் கப்பல்காரர் பல் தேய்ப்பது தெரியும். ஜெனரேட்டர் இரைச்சலும் டீசல் வாடையும் உண்டு. கரையேற மூன்று கப்பல்களின் வரவேற்புக் கூடங்கள் வழியாக நடக்க வேண்டியிருக்கும். கீழ்த்தள அறை விலை குறைவு. ஆனால் ஜன்னல் நீர்மட்டத்தை ஒட்டி இருக்கும், எஞ்சின் அதிர்வும் அங்கேதான் அதிகம். முன்பதிவு செய்யும்போதே "மேலிருந்து இரண்டு தளங்களுக்குள், பின்பக்கம் வேண்டாம்" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எட்ஃபுவுக்கு எல்லாக் கப்பல்களும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், அதிகாலையில் வந்து சேரும். துறையிலிருந்து கோயில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்தத் தூரத்துக்குக் குதிரை வண்டியில் ஏற்றுவார்கள். பல குதிரைகள் விலா எலும்பு தெரிய, கால் புண்ணோடு ஓடுகின்றன. தயவுசெய்து ஏறாதீர்கள். டுக்டுக் இருக்கிறது, காலை வெயிலில் நடக்கவும் முடியும். முந்தின இரவே வழிகாட்டியிடம் சொல்லிவிட்டால் ஏற்பாடு செய்துவிடுவார். கோயிலில் குழுவுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம், அதில் பாதி முகப்பில் விளக்கத்திலேயே போகும். மேற்குச் சுற்றுமதிலின் உள்முகத்தில் பருந்துத் தெய்வம் ஹோரஸ் தன் எதிரியான சேத்தை ஈட்டியால் குத்தும் வரிசைச் சிற்பங்கள் உள்ளன. சேத் நீர்யானை வடிவில் இருக்கிறான். ஆபத்தானவன் என்பதால் அவனைக் கைக்குட்டை அளவுக்குச் சிறிதாகச் செதுக்கியிருக்கிறார்கள். தேடிப் போய் நின்றால்தான் கண்ணில் படும். குழுவோடு போகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சுற்றுக்கே போவதில்லை.

கோம் ஓம்போவில் மட்டும் கப்பலுக்குச் சாதகம். துறை கோயிலின் காலடியிலேயே இருக்கிறது. இறங்கி நடந்தால் முதலைத் தெய்வம் சோபெக்குக்கும் மூத்த ஹோரஸுக்குமான இரட்டைக் கோயில். இரண்டு வாசல்கள், இரண்டு கருவறைகள். பக்கத்திலேயே பதப்படுத்திய முதலைகளின் அருங்காட்சியகம்.

விலைக்கு மேல் போகும் பணம்: சாப்பாட்டு மேசையில் வைக்கும் தண்ணீர் பாட்டில், பானங்கள், கடைசி நாள் ஊழியர்களுக்கான பக்‌ஷீஷ் உறை, வழிகாட்டிக்குத் தனி உறை, அபு சிம்பல் பயணம் (அஸ்வானிலிருந்து ஒரு வழி சுமார் 280 கிலோமீட்டர், விடியுமுன் நாலு மணிக்கே கிளம்ப வேண்டும்). "எல்லாம் அடக்கம்" என்ற விலையில் நுழைவுச் சீட்டு அடங்கியிருக்கிறதா என்று பெயர் பெயராகக் கேளுங்கள். ஃபிலே கோயில் தீவில் இருப்பதால் சீட்டு வேறு, படகுக் கூலி வேறு. மன்னர் பள்ளத்தாக்கில் பொதுச் சீட்டுக்கு மூன்று கல்லறைகள்தான். துத்தன்காமனுக்கும் முதலாம் சேதிக்கும் தனிச் சீட்டு.

## தஹபியா

இரண்டு பாய், ஆறு முதல் பன்னிரண்டு அறை. மேல்தளம் முழுக்கத் திறந்தவெளி. பெரும்பாலானவை எஸ்னாவில், மதகுக்குத் தெற்கே கிளம்புவதால் கப்பல் வரிசையில் நிற்கும் வேலையே இல்லை. வழக்கமாக 4 இரவு.

பாய் விரிந்து இழுவைப் படகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஒதுங்கியதும் ஒரு அமைதி வரும். கரையில் கழுதை கத்துவதும், நீர் இறைக்கும் பம்பு டக்டக்கென்று ஓடுவதும், தொலைவில் பாங்கு ஒலிப்பதும் தனித்தனியாகக் காதில் விழும். இந்த ஓசைகளைக் கப்பலில் கேட்க முடியாது. ஆற்றைப் பார்க்கத்தான் எகிப்துக்குப் போகிறோம் என்பவர்கள் நாளைக் குறைத்தாவது இதை எடுப்பது நல்லது.

கப்பல் நிற்காத இடங்களில் இது நிற்கும் என்பது அடுத்த பலம். எல் காபில் எபானாவின் மகன் அஹ்மோஸ் என்ற படகுப்படை வீரனின் கல்லறை. வடக்கு எகிப்தை ஆண்ட அந்நியரான ஹிக்ஸோஸ்களை விரட்டிய போரில் தான் செய்ததையெல்லாம் சுவரில் எழுதி வைத்திருக்கிறான். கெபல் சில்சிலாவில் ஆறு குறுகி, இரு கரையிலும் மணற்கல் பாறை எழுந்து நிற்கும். கர்னாக், எட்ஃபு, கோம் ஓம்போ கோயில்களின் கல் இங்கிருந்து போனது. வெட்டிய சுவரில் சாய்வான உளித் தடங்கள் வரிசையாக இன்றும் கூர்மையாக இருக்கின்றன, விரலை வைத்தால் பதியும். கிளம்பும் ஊரான எஸ்னாவில் க்னூம் என்ற தெய்வத்தின் கோயில் தெருமட்டத்துக்குச் சுமார் 9 மீட்டர் கீழே இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கான புகைக்கரியைத் துடைத்தெடுத்ததில் விதானத்தின் நீலமும் மஞ்சளும் திரும்பி வந்துவிட்டன. அதே எஸ்னாவில் இரவு முழுக்க நிற்கும் கப்பல்கள் பல இதற்குப் பயணிகளை இறக்குவதே இல்லை.

எட்ஃபுவுக்குக் கப்பல் கூட்டம் போன பிறகு கூட்டிப்போகச் சொல்லலாம், படகோட்டிகள் ஒத்துக்கொள்வார்கள்.

செலவு, ஓர் இரவுக் கணக்கில் நடுத்தர ஐந்து நட்சத்திரக் கப்பலைப்போல் இரண்டு மூன்று மடங்கு. லக்ஸரிலிருந்து எஸ்னாவுக்குக் கார் தனியா, அடக்கமா என்று பாருங்கள். பல படகுகள் கடைசி நாள் கோம் ஓம்போ அருகிலேயே இறக்கிவிட்டு வேனில் அஸ்வான் அனுப்பும். "அஸ்வான் வரை" என்ற சொல்லுக்கு அவர்கள் கொள்ளும் பொருளை முன்கூட்டியே கேளுங்கள்.

கேட்க வேண்டிய இன்னும் மூன்று: எஞ்சின் வைத்த படகுக்கே தஹபியா என்று பெயர் சூட்டியிருக்கிறார்களா? ஏசி இரவு முழுக்க ஓடுமா, ஜெனரேட்டரை எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள்? இழுவைப் படகு கூடவே வருமா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். காற்று விழுந்த நாளில் அது இல்லாவிட்டால் நாணல் கரையில் பாதி நாள் கிடக்க நேரும், எட்ஃபுவோ கோம் ஓம்போவோ திட்டத்திலிருந்து கழன்றுவிடும்.

## ஃபெலுக்கா

ஒற்றை முக்கோணப் பாய். அறை கிடையாது, கழிப்பறை கிடையாது. தளம் முழுக்க ஒரே மெத்தை விரிப்பு, மேலே நிழலுக்குத் துணிக் கூரை. பகலில் அதில் உட்கார்ந்து சாப்பிட்டு, அதிலேயே இரவில் வரிசையாகப் படுப்பது. இருட்டியதும் கரையில் இரும்பு முளை அடித்துக் கட்டிவிடுவார்கள், சுற்றிலும் தார்ப்பாய் இறக்குவார்கள்.

அஸ்வானிலிருந்து ஒரு இரவுப் பயணத்தில் தராவ் பக்கம் வரை, 2 இரவில் கோம் ஓம்போ, 3 இரவில் எட்ஃபு. அதன்பிறகு வேன். இந்தக் கணக்கைக் காற்று ஒத்துழைக்கும் நாட்களுக்கான கணக்கு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எதிர்க்காற்று மிகுந்தால் படகைக் கரையிலேயே கட்டிப்போடுவார்கள். காற்றே இல்லாவிட்டால் ஓட்டத்தில் மிதந்து நினைத்த தூரத்தில் பாதிதான் போகும். அதனால் ஃபெலுக்காவுக்கு மறுநாளே விமானம் ஏறும்படி சீட்டு எடுக்கக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றிச் சைவர்கள் பயப்பட வேண்டாம். ஃபூல் (மொச்சை போன்ற ஒரு பயறு, வேகவைத்தது), தஅமியா (அதே பயற்றில் சுட்ட வடை), தக்காளி, வெள்ளரி, எள் விழுது, பருப்புச் சூப், ரொட்டி. நூபியப் படகோட்டிகள் சின்ன கேஸ் அடுப்பில் இதையே நன்றாகச் செய்கிறார்கள். கப்பலில்தான் கவனம் வேண்டும். மொலோகேயா கீரைக்குழம்பு போலவே இருக்கும், ஆனால் அதை வழக்கமாகக் கோழி அல்லது முயல் சாற்றில்தான் காய்ச்சுவார்கள்.

ஏறுமுன் செய்ய வேண்டியவை. படகை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். உயிர்காப்பு உடையை எண்ணிப் பாருங்கள், பெட்டிக்கு அடியில் புதைந்து கிடந்தால் அது இருந்தும் பயனில்லை. எட்டுப் பேருக்கு மேல் ஏற்றினால் படுக்க இடம் போதாது. பாதிப் பணம் இப்போது, பாதி இறங்கியபின். ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் பாட்டில் தண்ணீர், யார் வாங்குவது என்று பேசிக்கொள்ளுங்கள். வேன் கூலி அடக்கமா என்பதையும் அப்போதே கேட்க வேண்டும், இறங்கும் இடத்தில் பேரம் பேச வழியிருக்காது. ஆற்றுக் காவல் பதிவுக்காக மாலுமி பாஸ்போர்ட் கேட்பார், நகலும் வைத்துக்கொள்ளுங்கள். நாணல் அடர்ந்த தேங்கிய நீரில் காலை வைக்க வேண்டாம். பில்ஹார்சியா என்ற புழுநோய் அந்த நீர் நத்தைகளிலிருந்து தோல் வழியே ஏறும்.

டிசம்பர், ஜனவரி இரவுகளில் 10 டிகிரிக்கு இறங்கும், ஆற்றுக் காற்றில் அதைவிடக் கூடுதலாகக் குளிரும். அவர்கள் தரும் போர்வை ஒன்று போதாது. கழிப்பறைக்குக் கரையோரப் புதர்தான். குடும்பப் பெண்கள், தனியாகப் போகும் பெண்கள், சர்க்கரை நோயால் இரவில் எழ வேண்டியவர்கள் இதை முன்பே யோசித்து முடிவெடுக்க வேண்டும். கழிப்பறை உள்ள துணைப் படகோடு சேர்த்துத் தரும் ஏற்பாடுகளும் அஸ்வானில் உண்டு. விலை ஏறும், ஆனாலும் கொடுக்கலாம்.

இவ்வளவுக்கும் தயங்குபவர்களுக்கு: அஸ்வானில் மாலை இரண்டு மணி நேரம் ஃபெலுக்காவை வாடகைக்கு எடுத்து எலிஃபன்டைன் தீவைச் சுற்றினாலே போதும். படகோட்டி சுக்கானைக் காலால் பிடித்துக்கொண்டு, கையால் பாய்க்கயிற்றை இழுத்துத் திருப்பும் அழகை அந்த இரண்டு மணி நேரத்திலேயே பார்த்துவிடலாம்.

## ரயிலும் காரும்

இரு ஊரிலும் ஓட்டலில் தங்கி நடுவே ரயில். மலிவு, வேகம். வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் என்பதால் உள்ளூர்க்காரர் சொல்லும் விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வழியில் எட்ஃபு ரயில் நிலையம் கிழக்குக் கரையில், கோயிலோ மேற்குக் கரையில். ரயிலில் இறங்கிப் பார்ப்பது அலைச்சல்.

கார் எடுத்தால் ஒரே நாளில் எட்ஃபு, கோம் ஓம்போ இரண்டையும் பார்த்து அஸ்வான் சேரலாம். லக்ஸரிலிருந்து எட்ஃபு சுமார் 115 கிலோமீட்டர். இங்கே ஒரு சூட்சுமம். விடியற்காலையில் கிளம்பி ஓடாதீர்கள், அது கப்பல் கூட்டத்தின் நேரம். பனிக்காலத்தில் எட்டரைக்குக் கிளம்பி எல் காபில் நின்று, பதினொன்றரைக்கு எட்ஃபுவுக்குள் போனால் மண்டபம் உங்களுடையது. மாலை நாலுக்குள் கோம் ஓம்போவை முடித்தால் அங்கும் கப்பல்கள் வருமுன் வெளியே வந்துவிடலாம். கோடையில் இந்தத் திட்டம் வேண்டாம், நண்பகலில் 40 டிகிரியைத் தாண்டும். பழைய ஆற்றங்கரைச் சாலையில் ஊருக்கு ஊர் வேகத்தடை, முதுகுவலிக்காரர்கள் பாலைவனச் சாலையைக் கேளுங்கள். பேரம் பேசும்போது காத்திருப்பு நேரத்தையும் டிரைவர் திரும்பிப் போகும் செலவையும் சேர்த்தே பேச வேண்டும்.

## ஒரு பார்வையில்

| | கப்பல் | தஹபியா | ஃபெலுக்கா | ரயில் / கார் |
|---|---|---|---|---|
| நாட்கள் | 3 அல்லது 4 இரவு | பெரும்பாலும் 4 இரவு | 1 முதல் 3 இரவு | அரை நாள் / ஒரு நாள் |
| நல்ல திசை | எதுவும் | தெற்கே | வடக்கே மட்டும் | எதுவும் |
| எட்ஃபுவில் கூட்டம் | மிக அதிகம் | தவிர்க்கலாம் | 3 இரவுப் பயணத்தில் மட்டுமே எட்ஃபு | காரில் தவிர்க்கலாம் |
| எல் காப், சில்சிலா | இல்லை | உண்டு | அரிது | காரில் எல் காப் |
| கழிப்பறை | அறையிலேயே | அறையிலேயே | இல்லை | ஓட்டலில் |
| தாமத ஆபத்து | எஸ்னா மதகு | காற்று விழுதல் | மிக அதிகம் | குறைவு |
| செலவு | நடுத்தரம் | மிக அதிகம் | மிகக் குறைவு | குறைவு |

## யாருக்கு எது

அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்குக் கப்பல்தான். ஒரே அறை, ஒரே பெட்டி, பக்கத்திலேயே சாப்பாடு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஓட்டல் மாறி மாறிப் பெட்டி தூக்குவதைவிட இது எவ்வளவோ மேல். நாட்கள் குறைவென்றால் அஸ்வானில் ஏறும் 3 இரவுப் பயணம்.

இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போவதானால் தஹபியாவை முழுசாக எடுக்கும் விலையைக் கேட்டுப் பாருங்கள். ஆறு அறையையும் எடுத்தால் ஆளுக்கு ஆகும் தொகை எதிர்பார்த்ததைவிட இறங்கும், நேரமும் உங்கள் கையில். ஆனால் தளத்தின் கைப்பிடி தாழ்வாக இருக்கும், நாலைந்து வயதுக் குழந்தைகள் இருந்தால் ஒரு கண் எப்போதும் அங்கேதான்.

இருபதுகளில் நாலைந்து நண்பர்கள், கையில் நாள் உண்டு, காசு இல்லை: ஃபெலுக்கா, 2 இரவு. மூன்றாம் இரவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், அந்தக் கட்டத்தில் குளிக்காத உடம்பு ஆற்றை ரசிக்க விடாது.

கோயிலுக்காகவே போகிறவர்கள், சிற்பத்தை நின்று பார்க்கிறவர்கள்: காரும் ஓட்டலும். கப்பலில் போகாததால் மிச்சமாகும் இரண்டு நாளை லக்ஸரின் மேற்குக் கரைக்குக் கொடுங்கள். அங்கே மதீனத் ஹாபு கோயில் ஒன்றுக்கே அரை நாள் போதாது.

எதைத் தேர்ந்தாலும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் நல்ல காலம். அதில் ஜனவரியில் அஸ்வான் அணையிலிருந்து திறக்கும் நீர் குறைவதால் பெரிய கப்பல்கள் தரைதட்டும் அபாயம் உண்டு. எஸ்னா மதகைப் பராமரிப்புக்கு மூடும் நாட்களும் வரும், அப்போது எஸ்னா வரை பேருந்தில் கொண்டுபோய் வேறு கப்பலில் ஏற்றுவார்கள். பணம் கட்டுமுன் உங்கள் தேதியைச் சொல்லி, கப்பல் மதகைத் தாண்டுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய தலங்களில் நுழைவுச் சீட்டுக்கு ரொக்கம் வாங்குவதில்லை, வெளிநாட்டில் வேலை செய்யும் வங்கி அட்டை இரண்டு எடுத்துப்போங்கள்.